லாச்சிக்குள் கிடந்த விசா

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கத்தாரிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவன் நான் கடைசியாக வேலை செய்த கந்தோரில் சாரதியாக இருந்த ஏறாவூர் றபீக்கின் மூத்த மகன். அவன் வேலை செய்யும் நிறுவனம் அவனுடைய விசாவை ரத்துச் செய்துவிட்டதாம். அரபியில் எழுதிய ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்களாம். "வாப்பா உங்களக் கேக்கச் சொன்னார் அங்கிள். போடவா, விடவா?" என்றான்.

வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதே, முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டு என்றேன். ரத்தான திகதியை வாய்வார்த்தையாக அல்ல, எழுத்தில் கேள். அந்தத் திகதியிலிருந்து எத்தனை நாள் அந்த நாட்டில் நிற்கலாம் என்று கேள். அந்த நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற வழி உண்டா என்று விசா கொடுக்கிற அலுவலகத்தில் நீயே போய்க் கேள். உன் நிறுவனம் சொல்வதோடு நின்றுவிடாதே. கடவுச்சீட்டு உன் கையில் இருக்கட்டும். கடைசித் திகதியைத் தாண்டி ஒரு நாளும் நிற்காதே. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆனால் எந்த நாட்டிலும் உனக்குத் தெரிய வருவதற்கு முன்பே நாட்கள் ஓடத் தொடங்கிவிடும் என்றேன்.

அவன் அப்படியே செய்து இன்னொரு நிறுவனத்துக்கு மாறிவிட்டான். மறுகிழமை றபீக் வீட்டுக்கு வந்து, நமது பிள்ளைகள் எத்தனையோ பேர் வெளியில் இருக்கிறார்கள், இதையெல்லாம் எழுதி வையுங்கள் என்று வற்புறுத்தினார். எழுதலாம். ஆனால் இவை எனக்கு எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பாதிப் பொய்யாகிவிடும்.

நான் வாழைச்சேனைக் காகித ஆலையில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவன். இருபத்திரண்டு வருடம் இருந்தேன். இயந்திரம் பூட்டவும் திருத்தவும் அங்கே வெளிநாட்டுக்காரர் வந்து போவார்கள். எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வரும் என்பதால் அவர்களுடைய வதிவிட விசாக் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. வேலை விசாவை ஒரு மனிதனுக்குக் கொடுத்தது போலத் தோன்றும். உண்மையில் அவன் பார்க்கும் வேலைக்குக் கொடுப்பதுதான் அது. வேலை போனால் அதுவும் போய்விடும். ஆனால் போவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதற்குள் கேட்டால் பல காரியம் நடக்கும். அது கழிந்தபின் யார் காலில் விழுந்தாலும் நடக்காது. ஆலையில் நான் படித்த படிப்பு இவ்வளவுதான்.

சுனாமி வந்தபோது நான் ஆலையை விட்டு வீட்டோடு இருந்தேன். கல்லடியில் எங்கள் வீட்டின் அத்திவாரமும் கிணறும் மட்டும் மிஞ்சின. நானும் மனைவியும் பாலத்தைத் தாண்டி ஓடித் தப்பினோம். சில நாட்களில் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனம் புளியந்தீவில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்துக் கந்தோர் திறந்தது. தட்டச்சுத் தெரிந்த ஆள் தேடினார்கள். போய் நின்றேன்.

முதல் இரண்டு மாதம் அங்கே நான்தான் எல்லாம். நிவாரணப் பட்டியல் எழுதியது, றபீக்கைச் சாரதியாக எடுத்தது, கடல்நீர் புகுந்த கிணறுகளை இறைக்க இயந்திரம் தேடி அலைந்தது, கதிரவெளி வரை போய்க் கிணறுகளை எண்ணி வந்தது, எல்லாம் நான். வாகரைப் பக்கத்துக்கு ஒரு வெளிக்களப் பொறுப்பாளர் வேண்டும் என்று பேச்சு வந்தது. அது எனக்குத்தான் என்று நினைத்து ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கினேன்.

பிறகு ஜெயந்தி மிஸ் மாவட்ட முகாமையாளராக வந்தார். மட்டக்களப்பு நகரத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரிடம் எனக்குப் பொறாமை வரவில்லை, அது எனக்கே ஆச்சரியம். வேலை தெரிந்தவர். ஒரு கடிதத்தைக் கையில் எடுத்தால் முதலில் கடித உறையைப் பார்ப்பார், பிறகு பின்பக்கத்தைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் வாசிப்பார். குரலை உயர்த்திக் கேட்டதில்லை. பிழை கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்த வரியின் மேல் வைப்பார். நாங்கள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து என்ன பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும். என்னை நேசண்ணன் என்று கூப்பிடுவார். வந்த முதல் நாளே நிவாரணப் பட்டியலில் என் கையெழுத்தைத் தடவிப் பார்த்து, உங்களை விட்டால் இந்தக் கந்தோர் நடக்காது, அதனால் நீங்கள் மேசையில்தான் இருக்க வேண்டும் என்றார். பாராட்டி உட்கார வைத்துவிட்டார். சப்பாத்து அலுமாரிக்குப் போனது.

வெளிக்களத்துக்கு நேபாளத்திலிருந்து ஒருவன் வந்தான். பெயர் தில் பகதூர். முப்பது வயது இருக்கும். மலைநாட்டுக்காரன், கடலையே எங்கள் ஊரில்தான் முதன்முதலாகப் பார்த்தவன். ஒரு வெள்ளைக்காரன் வந்திருந்தால் பழக்கதோஷத்தில் நான் ஒதுங்கியிருப்பேன். வந்தவன் என்னைப் போலக் கறுத்தவன், என்னைவிடக் குறைவாக ஆங்கிலம் பேசுகிறவன். அதுதான் என்னைக் குத்தியது. இவனுக்கு இருக்கிற எது எனக்கு இல்லை என்று முதல் நாளே கேட்கத் தொடங்கினேன்.

கிணறு தெரிந்தவன் என்பதை மறுக்க மாட்டேன். எல்லாரும் உப்புப் போகட்டும் என்று இயந்திரம் வைத்து நாள்முழுக்க இறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. நிறைய இறைத்தால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும், கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, அளந்து பார்த்து இறைக்க வேண்டும் என்று அவன் வந்துதான் சொன்னான். அவனிடம் உப்பு அளக்கிற ஒரு சின்னக் கருவி இருந்தது. அளந்த பிறகும் உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்ப்பான். பக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரரிடமும் ஒரு வாய் கொடுத்து, உப்புச் சவரா இல்லையா என்று கேட்பான். எங்கள் கல்லடிக் கிணற்றையும் அவன்தான் சுத்தம் செய்தான். அதன்பிறகு என் மனைவிக்கு அவன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் ஒரு துண்டு அவனுக்கு என்று எடுத்து வைப்பாள்.

கதிரவெளிச் சனத்துக்குத் தில் பகதூர் என்பது வாயில் வரவில்லை. திலகன் என்று மாற்றிக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குள் அவனும் எங்கள் தமிழில் பேசினான். மாதத்தில் ஒரு நாள் பட்டியல் சரிபார்க்க நான் கதிரவெளிக்குப் போவேன். வாகனம் நின்றதும் பெண்கள் வேலியோரம் வருவார்கள். நான் இறங்குவேன். அவர்கள் என் தோளுக்கு மேலால் வாகனத்துக்குள் பார்த்து, "திலகன் வரல்லியா?" என்பார்கள். அந்தச் சனத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எனக்குப் பாடம். என் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஒவ்வொரு வருடமும் அவனுடைய விசாவைப் புதுப்பிப்பது என் வேலை. கோப்பை ஒரு குறையும் இல்லாமல் தயாரிப்பேன். அவன் வந்து நன்றி சொல்வான். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுப்பேன். அந்த ஒரு நாளில் மட்டும் அவன் எனக்குக் கீழே நிற்பது போல இருக்கும். அந்த நாளுக்காக நான் காத்திருந்ததும் உண்டு.

இடையில் சண்டை வாகரைப் பக்கம் வந்தது. கதிரவெளிச் சனம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இடம்பெயர்ந்து வந்து முகாம்களில் இருந்தது. திரும்பிப் போனபோது கிணறுகளுக்குள் மரமும் ஓடும் குப்பையும். செய்த வேலை அத்தனையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. திலகன் செய்தான். அலுக்காமல் செய்தான் என்று ஜெயந்தி மிஸ் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். அதைத் தட்டச்சு செய்தது நான்.

யுத்தம் முடிந்த வருடம் எங்கள் நிறுவனம் கிழக்கில் வேலையைச் சுருக்கத் தொடங்கியது. முதலில் போக வேண்டியது வெளிநாட்டவரின் பதவிகள். திலகனுடைய பதவியும் அதில் ஒன்று. ஆனால் அவனை வாழைச்சேனையில் இருந்த இன்னொரு நிவாரண நிறுவனம் எடுத்துக்கொள்ள ஆயத்தமாக இருந்தது. ஒரு புதன்கிழமை காலைக் கூட்டத்தில் ஜெயந்தி மிஸ் அதைச் சொன்னார். கரையோரம் முழுவதற்கும் தண்ணீர் வேலைப் பொறுப்பு அவனுக்காம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறுபடியும் அவன்தான் என்று எனக்குள் ஏதோ புகைந்தது.

கூட்டம் முடிந்து மேசைக்கு வந்தேன். கொழும்பிலிருந்து வந்த தபால் பை இருந்தது. அதற்குள் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் ஒன்று. தில் பகதூரின் வதிவிட விசா ரத்துச் செய்யப்படுகிறது, இக்கடிதத் திகதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் கடவுச்சீட்டோடு கொழும்புக்கு வர வேண்டும் என்று இருந்தது. கடிதத் திகதி திங்கட்கிழமை. ஆகவே அடுத்த திங்கள் கடைசி நாள். விசாவைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றுவதானால் அந்த நிறுவனத்தின் விண்ணப்பமும் எங்கள் விடுவிப்புக் கடிதமும் அதற்குள் சேர்ந்து போக வேண்டும். திங்கள் தாண்டினால் அவன் நாட்டை விட்டுப் போய்ப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலத்தில் புதிதாக ஒருவருக்குக் கிடைப்பது லேசு இல்லை. கடிதத்தில் மாற்றம் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தக் கந்தோரில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே திலகன் வந்தான். இறைக்கும் இயந்திரத்துக்குச் சாமான் வாங்கப் பட்டணத்துக்கு வந்தவன், என் மேசைக்கு முன்னால் நின்று தேத்தண்ணி குடித்தான். கதிரவெளியில் யாரோ தந்த கருவாட்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்து, அக்காவிடம் கொடுங்கள் என்றான். கடிதம் என் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது.

அவன் போனதும் மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தையும் பொட்டலத்தையும் உள்ளே வைத்து மூடினேன்.

அவனை நாட்டை விட்டுத் துரத்த நான் நினைக்கவில்லை. ஏழு நாளில் இரண்டு நாள் போனால் என்ன, அவனும் கொஞ்சம் பதறி ஓடித் திரியட்டும், ஒரு தடவையாவது என்னிடம் வந்து கெஞ்சட்டும் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை முழுவதும் அந்த லாச்சியைத் திறக்கவில்லை. பேனை தேவைப்பட்டபோதும் பக்கத்து மேசையில் கேட்டு வாங்கினேன்.

வெள்ளி மத்தியானம் கடிதத்தை எடுத்து, அன்றைய திகதியில் பதிவேட்டில் பதிந்து, ஜெயந்தி மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். அவர் உறையைப் பார்த்தார். கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி அங்கே வைத்தார்.

தூக்கிப் பார்த்தேன். 'பெறப்பட்டது' என்ற எங்கள் கந்தோர் முத்திரை. புதன்கிழமைத் திகதி. பையிலிருந்து எடுத்ததும், வாசிக்கு முன்பே, என் கை தன்பாட்டில் குத்தியிருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலான பழக்கம்.

"மறந்திட்டன் மிஸ்" என்றேன்.

"நீங்க மறக்கிற ஆள் இல்ல நேசண்ணன்."

விசாவை மாற்ற எந்தெந்தத் தாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார், சொன்னேன். தொலைபேசியை எடுத்து வாழைச்சேனை நிறுவனத்துக்குப் பேசினார். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் நேற்றுப் பின்னேரம் வரை அங்கேதான் இருந்தாராம். இன்று காலை திருகோணமலைக்குப் போய்விட்டாராம், தொலைபேசியிலும் பிடிக்க முடியவில்லையாம், திங்கட்கிழமைதான் வருவாராம். ஜெயந்தி மிஸ் ரிசீவரை வைத்தார். பிறகு எங்கள் விடுவிப்புக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்தார். என்னிடம் தரவில்லை. இதைக் காட்டி இன்னும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், திலகனோடு கொழும்புக்கு நீங்கள்தான் போக வேண்டும், கடிதம் எப்போது வந்தது என்பதையும் அவனுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

ஞாயிறு விடியற்காலை றபீக் வாகனத்தை எடுத்தார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் திலகன் இறங்கிக் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு வந்தான். வழியெல்லாம் எந்தெந்தக் கிணறு இன்னும் மிச்சம் என்று என்னிடம் கணக்குச் சொன்னான். எப்படியும் மாற்றித் தருவார்கள், நேசண்ணன் வருகிறாரே என்று றபீக்கிடம் இரண்டு தரம் சொன்னான். சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. வெலிக்கந்தையில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஹபறணையில் சொல்லலாம் என்று நினைத்தேன். கொழும்பு வந்துவிட்டது.

திங்கள் காலை குடிவரவுத் திணைக்களக் கருமபீடத்தில் இருந்த பெண் அலுவலர் பொறுமையானவர். கோப்பு முழுவதையும் வாசித்தார். உங்கள் விடுவிப்புக் கடிதம் சரி, புதிய நிறுவனத்தின் விண்ணப்பம் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாழைச்சேனையில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறோம் என்றேன். இன்றைக்குப் பிறகு அதை ஏற்க வழியில்லை, வெளியேற ஆயத்தம் செய்வதற்குக் கூடுதல் நாட்கள் மட்டும்தான் தரலாம் என்றார். ரத்துக் கடிதம் கிடைத்த உடனே வந்திருந்தால் மாற்றியிருக்கலாமே என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். இந்தக் கடிதம் எப்போது உங்கள் கைக்கு வந்தது என்று கேட்டார்.

திலகன் என் பக்கம் திரும்பினான், பதில் என்னிடம் இருக்கும் என்ற நம்பிக்கையோடு.

"புதன்கிழமை" என்றேன்.

அவர் தலையை அசைத்து, பதினான்கு நாளுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நடைபாதையோரத்தில் திலகன் நின்றான். கடவுச்சீட்டை விரித்து அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"புதன்கிழமை நான் உங்கட மேசைக்கு முன்னால நிண்டு தேத்தண்ணி குடிச்சன்."

"ஓம்."

"அப்ப எங்க இருந்த கடிதம்?"

"என்ர கைக்குக் கீழ."

ஏன் என்று கேட்டான். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், வேலைப் பளு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு உன்மேல் எரிச்சல், வந்த நாளிலிருந்தே எரிச்சல் என்றேன். அந்த வேலை எனக்கு வர வேண்டியது, அந்தச் சனம் என்னைத் தேட வேண்டியது என்றும் சொன்னேன் போலிருக்கிறது. தெருவில் நின்று ஐம்பத்திரண்டு வயதுக்காரன் பேசுகிற பேச்சா அது. அவன் கோபப்படவில்லை. புரியாத ஒன்றைக் கேட்டவன் போல என்னைப் பார்த்தான்.

"என்னட்ட என்ன இருந்த, அண்ணன், நீங்க பொறாமைப்பட? என்ர விசாவே உங்கட லாச்சிக்குள்ள கிடந்த."

 எனக்கு வீடு போய்விட்டது, ஆனால் ஊர் இருந்தது. போ என்று என்னை ஒருவராலும் சொல்ல முடியாது. அவனுக்கு ஒரு தாள் மட்டும்தான். ஒரு எழுதுவினைஞனின் காய்ச்சலில், விடுமுறையில், மனக் கசப்பில் போய்விடக்கூடிய தாள். அது தெரிந்திருந்தும் அவன் ஒரு கிணற்றுக்குள் இறங்கினால் தன் சொந்த வளவுக் கிணறு மாதிரி இறங்கினான்.

பதினான்கு நாளில் பத்து நாளை அவன் கதிரவெளியில் கழித்தான். மிச்சக் கிணறுகளை அளக்க இரண்டு பெண்களுக்குப் பழக்கினான். கருவியை அவர்களிடமே கொடுத்தான். கடைசி நாள் நானும் போனேன். சனம் தெருவுக்கு வந்துவிட்டது. சிலர் அழுதார்கள். ஏன் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு, விசா முடிந்துவிட்டது என்றான். யாரும் எதுவும் செய்யவில்லையா என்று ஒரு கிழவர் கேட்டார்.  எல்லாரும் செய்து பார்த்தார்கள் என்றான் திலகன். என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், அவன் செய்யவில்லை. அந்த இடத்திலும் எனக்கு அவன்மேல் பொறாமைதான் வந்தது. என்னால் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது என்று தெரிந்ததால் வந்த பொறாமை.

வீட்டில் கருவாட்டைப் பற்றி மனைவி கேட்டாள். லாச்சியில் வைத்து மறந்துவிட்டேன், பழுதாகிவிட்டது என்றேன். பிறகு ஒரு நாள் நடந்தது முழுவதையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "உங்கள நான் பெரிய மனிசன் எண்டு நினைச்சிருந்தன்" என்றாள். அவ்வளவுதான்.

ஜெயந்தி மிஸ் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதவுமில்லை. ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு, விசா ரத்தானால் ஒரு வெளிநாட்டு ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்றார். உட்கார்ந்து எழுதினேன். கத்தாரில் இருக்கும் றபீக்கின் மகனுக்கு நான் சொன்னதெல்லாம் அந்தத் தாளில் இருந்ததுதான். நாட்களை எப்படி எண்ணுவது, மாற்றத்துக்கு எப்போது கேட்பது, சேவைச் சான்றிதழை யாரிடம் வாங்குவது, தன் நாட்டுத் தூதரகத்துக்கு எப்போது அறிவிப்பது, ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதி ஏன் தன்னிடம் இருக்க வேண்டும் எல்லாம் எழுதினேன். சந்தேகம் இருந்தால் உங்கள் நிர்வாக அலுவலரைக் கேளுங்கள் என்று முடித்திருந்தேன். எங்கள் கந்தோரில் அந்த அலுவலர் நான்தான்.

அவர் வாசித்துக்கொண்டு வந்து கடைசி வரியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் தூக்கிப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. அவரைப் பார்த்தேன். அவர் பேனையை என்னிடம் நீட்டினார்.

அந்த வரியை வெட்டினேன். 'உங்கள் நிர்வாக அலுவலரை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்' என்று அதன்மேல் எழுதினேன். அவர் கண்ணாடியைப் போட்டு ஒரு தரம் வாசித்து, சரி என்றார். அன்று பின்னேரமே அதை ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகத் தட்டச்சு செய்து, என் மேசைக்கு மேலே, வருகிறவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டினேன். நிறுவனம் கந்தோரையே மூடிக்கொண்டு போகும் வரை அதன் கீழேதான் உட்கார்ந்து வேலை செய்தேன்.